இந்தப் பால் இல்லையாம்

கதிரை மேல் ஏறி நின்று என் மகள் என்னை அரசாண்டுகொண்டிருந்தாள்.

வெளியே மழை. கட்டுகஸ்தோட்டையில் பின்னேர மழை தொடங்கினால் பாலத்தில் வாகனங்கள் உறைந்துவிடும். பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் உறவினராக்கிக்கொள்ளும் அளவுக்கு நேரம் கிடைக்கும். என் மனைவி சாந்தி அப்படி ஏதோவொரு பஸ்ஸுக்குள் இருந்தாள். வீட்டில் நானும் மகியும் மட்டும். மேசையில் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல், முதல்நாள் மிச்சமிருந்த கோவாச் சுண்டல். எல்லாம் ஆறிப்போய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன குஞ்சு வேணும் உனக்கு?” என்று கேட்டேன்.

“பாலாணும்!”

மகிக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. மழலைக் காலத்திலிருந்தே அவளுக்கு ‘வேணும்’ என்பதில் ‘வே’ வராது. தண்ணி ஆணும். பொம்மை ஆணும். மாமரத்தில் இருக்கும் குரங்கு ஆணும். ஆகவே பாலும் ஆணும். எனக்கு விளங்கியது. நல்ல தகப்பன் அல்லவா, ஓடிப்போய்ப் பாலைச் சூடாக்கி, சீனி போட்டு, ஆற்றி, அவளுடைய சிவப்புக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தேன்.

அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் ஏதோ விழுந்து கிடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இந்தப் பால் இல்ல!”

ஒரு தள்ளு. பால் மேசையில் ஓடி, விளிம்பில் சற்று யோசித்துவிட்டு, என் காற்சட்டையில் இறங்கியது.

அந்த நேரத்தில்தான் சாந்தி குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். பாலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். என் காற்சட்டையைப் பார்த்தாள்.

“இன்னைக்குமா?” என்றாள். நனைந்த உடுப்போடு அப்படியே உட்கார்ந்தாள். “முடியலைங்க. இந்த மாசம் முடியட்டும், நான் வேலைய விட்டுர்றேன்.”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குள் நாடு

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம்.

நான் யாழ்ப்பாணத்தான். படிக்கவென்று மலைநாட்டுக்கு வந்து, குளிர் பிடித்துப்போய், திரும்பிப் போக மறந்தவன். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. பிந்திக் கல்யாணம் செய்தவன். மகியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் “பேத்தியா?” என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நான் மறுப்பதில்லை. அப்படிச் சொன்னால் மரியாதை கொஞ்சம் கூடக் கிடைக்கிறது.

சாந்தி தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். மலை இறங்கிப் பள்ளிக்கூடம் போய், மலை ஏறி வீட்டுக்கு வந்து, அப்படியே படித்து, இன்று கண்டியில் ஓர் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டோடு இருக்கிறாள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை வைத்துப் பார்த்து ஒரு மனிதனின் பாதிக் கதையைச் சொல்லிவிடுவாள். அந்த வேலையை விடுகிறேன் என்று அவள் சொல்வது, நான் பகிடியை விடுகிறேன் என்று சொல்வதைவிடப் பெரிய விஷயம். நான் விட்டால் நாலு பேர் சந்தோசப்படுவார்கள்.

எங்கள் வீட்டுத் தமிழ் கொஞ்சம் சிக்கலானது. சாப்பிடும் ஏனம் எனக்குப் பீங்கான், சாந்திக்குத் தட்டு. நான் “வாறன்” என்பேன், அவள் “வர்றேன்” என்பாள். மகி இரண்டையும் வைத்திருக்கிறாள். சமாதானமாக இருக்கும்போது தாயின் தமிழ், சண்டைக்கு என்னுடையது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்த அளவில் நிறுத்திக்கொண்டேன்.

பிரச்சினை இதுதான். மகி இராச்சாப்பாடு சாப்பிடுவதில்லை. சில கிழமைகளாக இதே கூத்து. பால் கேட்பாள், பால் கொடுத்தால் தள்ளுவாள், அழுவாள், வெறும் வயிற்றோடு தூங்கிப்போவாள். வேலை முடிந்து களைத்து வரும் இரண்டு பேர், ஒரு கோப்பைப் பாலைச் சுற்றி ஒருவரோடு ஒருவர் கோபித்துக்கொண்டு படுப்போம்.

பால் ஆராய்ச்சி

எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் கூட வந்தது. கேட்டதைக் கொடுத்தால் வேண்டாம் என்கிற மனித மனம் எப்படி வேலை செய்கிறது? காப்புறுதி விற்பவனுக்கு இது தொழில் சார்ந்த கேள்வியும்கூட.

“இந்தப் பால் இல்ல” என்கிறாள். அப்படியானால் வேறு ஏதோ பால் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் போதும்.

மாப்பாலைக் கரைத்துக் கொடுத்தேன். இல்லை. கடையில் போத்தல் பால் வாங்கினேன். இல்லை. கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவர், பசும்பால் என்றால் தெல்தெனியப் பக்கம் போய்க் கறந்த சூட்டோடு வாங்க வேண்டும் என்றார். விடிய எழும்பி மோட்டார் சைக்கிளில் போனேன். மாடு என்னைப் பார்த்த பார்வையில், இதற்கு முன் இப்படியொரு முட்டாள் வந்ததில்லை என்று தெரிந்தது. கொண்டுவந்து, காய்ச்சி, பின்னேரம் வைத்தேன்.

“இந்தப் பால் இல்ல!”

ஆட்டுப்பாலும் வந்தது, போனது. அதன் மணம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் அவளை மடியில் வைத்து, பொலிஸ்காரன் மாதிரி இல்லாமல் சினேகிதன் மாதிரிக் கேட்டேன்.

“குஞ்சு, உனக்கு எந்தப் பால்? வடிவாச் சொல்லு பாப்பம்.”

“மஞ்சப் பால்.”

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். அந்த மிடறு என் சேட்டுக்குத் திரும்பி வந்தது.

“சோத்துல ஊத்தோணும்!” என்று அழுதாள்.

ஆகா, இன்னொரு தடயம். சோற்றைப் போட்டு, அதன்மேல் மஞ்சள் போட்ட இனிப்புப் பாலை ஊற்றினேன். சாந்தி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

“பரிசோதனை.”

“உங்கள மொதல்ல பரிசோதிக்கணும்.”

மகி அதைத் தொடவில்லை. வீணாக்கக்கூடாதென்று நான்தான் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு மோசமில்லை.

இதில் இன்னொரு மர்மமும் இருந்தது. கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா மகியை நிறுத்துப் பார்த்துவிட்டு, “பாரம் நல்லாக் கூடியிருக்குதே” என்றார். இராச் சாப்பிடாத பிள்ளை எப்படிப் பாரம் கூடுகிறது? அப்படியென்றால் நானும் இரவில் சாப்பிடாமல் இருந்து பிரயோசனம் இல்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். சாந்தி வேறு விதமாக நினைத்தாள்.

தாத்தா விவகாரம்

அவள் என்ன நினைத்தாள் என்று சொல்லுமுன் எங்கள் கீழ் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. படிக்கட்டில் இறங்கினால் அடுத்த வீடு பரீதா தாத்தாவுடையது. அலவத்துகொடையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். பாலர் பள்ளி முடிந்ததும் மகி அங்கேதான் இருப்பாள். வேலை முடிந்து வந்து நான் கூட்டிக்கொண்டு வருவேன். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்கள் இருவரில் ஒருவர் வேலைக்குப் போக முடியாது. அந்த ஒருவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

தாத்தா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் அக்கா. சாந்திக்குத் தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. சிங்களத்தில் தாத்தா என்றால் பெற்ற தகப்பன். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு குழந்தையை விட்டால் என்ன நடக்கும்?

முதலில் நடந்தது பாலர் பள்ளியில். ஒருநாள் சிங்கள மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்து, மகி எப்போதும் தாத்தாவின் சமையல்தான் உலகத்திலேயே ருசி என்று சொல்கிறாள், தலைகூடத் தாத்தாதான் பின்னிவிடுகிறாராம், எவ்வளவு நல்ல அப்பா நீங்கள் என்று சிங்களத்தில் பாராட்டினார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். பின்னல் விஷயம் மட்டும் கொஞ்சம் உதைத்தது. ஆனால் புகழ் வரும்போது சின்னச் சின்ன விவரங்களைக் கிண்டக்கூடாது.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நீங்களா? சமையலா?” என்றாள். பிறகு மகியிடம், “எந்த தாத்தாடா?” என்று கேட்டாள்.

“பரீதா தாத்தா!”

சாந்தி அன்று சிரித்த சிரிப்புக்கு நான் இன்றும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் இப்படி ஏமாற்றும் என்று அப்போதே படித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

தூது

சாந்தியின் கணக்கு இதுதான். பிள்ளை பின்னேரம் முழுக்கப் பரீதா தாத்தா வீட்டில் பிஸ்கட்டும் இனிப்புமாகத் தின்கிறாள். அதனால்தான் இரவில் பசி இல்லை. அதனால்தான் பாரமும் கூடுகிறது.

“அவங்க நல்ல மனசோடதான் குடுப்பாங்க. ஆனா புள்ளைக்கு இப்புடியே பழகிரும். அவள வேற எடத்துல விடணும். வேற எடம் கெடைக்கலேன்னா நான் வீட்டுல இருக்கேன்.”

“ஒருக்கால் கேட்டுப் பாப்பமே.”

“கேளுங்க. பிஸ்கட் குடுக்காதீங்கன்னு யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அடுத்த மாசத்துல இருந்து புள்ளைய அனுப்பலன்னு பக்குவமா சொல்லிருங்க.”

“நானா?”

“நீங்கதானே பேசியே ஆளுங்கள மயக்குறவரு.”

அடுத்த சனிக்கிழமை சாந்திக்கு வேலை. எனக்கு லீவு. மகி விடிந்த உடனேயே கீழே ஓடிவிட்டாள். மத்தியானம் நான் படியிறங்கினேன். சொல்லவேண்டிய வசனத்தை ஒவ்வொரு படியிலும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் அது கொஞ்சம் அசிங்கமாகிக்கொண்டே போனது.

கதவு திறந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாயில் பரீதா தாத்தாவின் கணவர் நிசார் நானா; அவருக்குப் பக்கத்தில், சம்மணம் கட்டி, என் மகள். ஒரு பீங்கான் சோறு. யாரும் ஊட்டவில்லை. யாரும் கெஞ்சவில்லை. காகம் காட்டவில்லை, ஃபோன் காட்டவில்லை. தன் கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிஸ்கட் எதுவும் கண்ணில் படவில்லை.

“வாங்க தம்பி, வாங்க. கைய கழுவிட்டு ஒக்காருங்க,” என்றார் பரீதா தாத்தா.

நான் வாயைத் திறக்க முன், நிசார் நானா மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தப் பாலாணத்த கொஞ்சம் இங்கிட்டு தள்ளுங்க.”

மகியும் பீங்கானை நீட்டினாள். “எனக்கும் பாலாணம்!”

இந்த மனிசனும் சோற்றில் பால் ஊற்றித் தின்கிறாரா என்றுதான் என் புத்திக்கு முதலில் பட்டது. பிறகுதான் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் எங்கிருந்தோ எழும்பி நின்றது. பாலாணத்த. பாலாணத்தை. ‘பால் வேணும்’ என்பதற்குப் பின்னால் ஐ உருபு எப்படி வரும்? ஐ வந்தால் அது ஒரு பொருள். எடுக்கலாம், தள்ளலாம், ஊற்றலாம்.

பரீதா தாத்தா சட்டியை நகர்த்தினார். இளமஞ்சளாக, தேங்காய்ப்பால் மணக்க, உருளைக்கிழங்குத் துண்டுகள் மிதக்க, கறிவேப்பிலையோடு ஒரு குழம்பு. அதை அகப்பையில் அள்ளி மகியின் சோற்றில் ஊற்றினார்.

மஞ்சப் பால். சோத்துல ஊத்தோணும்.

“தாத்தா,” என்றேன். “இதுக்கு என்ன பேர்?”

“இதா? பாலாணம்.”

“பால்... ஆணம்?”

“ஆணம் எண்டா கறி, தம்பி. தேங்காப்பால்ல ஆக்கினா பாலாணம். நீங்க சொதி எண்டு சொல்லுவீங்களே, அதுதான்.”

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். சொதியா? சொதி வைப்பதில் என்னை மிஞ்ச கண்டியில் ஆளில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே சாந்தியிடம் அளந்தவன் நான். தனியாக அறையெடுத்து இருந்த காலத்தில் பாணும் சொதியுமாக உயிர் வாழ்ந்தவன். மகிக்கும் எத்தனையோ தரம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

“அப்பாட சொதி ஒறைக்கும்,” என்றாள் மகி, வாயில் சோற்றோடு. “புளிக்கும்.”

பரீதா தாத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, நானும் ஒரு விஷயம் கேக்கோணும் எண்டு ஈந்தன். கோவிக்கப்படாது.”

“கேளுங்கோ தாத்தா.”

“ஊட்டுல ஏதும் கஷ்டமா?”

“என்ன கஷ்டம் தாத்தா?” என்றேன்.

“ராவைக்கு என்ன திண்ட எண்டு புள்ளகிட்ட கேட்டா, பால் எண்டு சொல்ற. முந்தின நாள் என்ன? அதுக்கும் பால். ஒருநாள் சோத்துல மஞ்சத் தண்ணி ஊத்தி வெச்சாங்க எண்டும் சொல்லிச்சி. எனக்கு மனசு கேக்கல்ல. அதான் பின்னேரம் நீங்க கூட்டிப்போக வர முந்தி, இன்னொரு தரம் சோறு குடுக்கிற. நல்லா வயிறு நெறையக் குடுக்கிற.”

மகியின் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியே ஆட்களை மயக்குகிறவன்!

விஷயம் வட்டமாக நின்றது. பிள்ளை பாலாணம் கேட்டாள். நாங்கள் பால் கொடுத்தோம். வீட்டில் பால்தான் தருகிறார்கள் என்று அவள் இங்கே சொன்னாள். பாவம் பார்த்து இவர்கள் இரண்டாம் சோறு கொடுத்தார்கள். அந்த வயிற்றோடு வந்து, பிடித்த ஒன்றை மட்டும் கேட்டு, அது கிடைக்காமல் அழுதாள். நாங்கள் திரும்பவும் பாலைச் சூடாக்கினோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். தெல்தெனிய மாடு, ஆடு, மஞ்சள் எல்லாம். அடுத்த மாதம் அனுப்புவதில்லை என்று சொல்லத்தான் வந்தேன் என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். பரீதா தாத்தாவின் முகம் ஒரு கணம் மாறியது. “புள்ளய நிப்பாட்டவா வந்தீங்க?” என்றார். அந்தக் கேள்வியில் சத்தமே இல்லை.

நிசார் நானாதான் காப்பாற்றினார். அவருக்குச் சிரிப்பு வயிற்றில் தொடங்கி மேலே ஏறி, தொப்பியைச் சரித்துவிட்டது.

“நல்ல காலம் தம்பி, புள்ள கோழியாணம் கேக்கல்ல! கேட்டீந்தா கோழிய உசுரோட மேசையில ஏத்தி வெச்சீப்பீங்க!”

பரீதா தாத்தா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அடுப்பில்

“எனக்கு இதைக் காட்டித் தாங்கோ,” என்றேன்.

“இதுக்கென்ன படிப்பு? சோறு வேகிற நேரத்துல முடிஞ்சிரும்.”

உண்மையில் அவ்வளவுதான். ஒரு சட்டி. தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், உருளைக்கிழங்கு, கறிவேப்பிலை, ரம்பை இலைத் துண்டு, மஞ்சள், கொஞ்சம் வெந்தயம். பச்சை மிளகாயை வெட்டாமல் முழுசாகப் போட வேண்டும். மணம் வரும், உறைப்பு வராது. கிழங்கு வெந்ததும் முதற்பால். கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி பெரியவர்களின் பீங்கானில் மட்டும். நான் இத்தனை காலமும் மிளகாயை அரிந்து கொட்டி, புளியைச் சட்டியிலேயே பிழிந்திருக்கிறேன்.

வேலை முடிந்து, கை கால் ஓய்ந்து வரும் ஆட்களுக்காகவே யாரோ கண்டுபிடித்த கறி. இதன் பெயர் எங்கெங்கே எப்படியெல்லாம் மாறுகிறது என்று விசாரித்துக்கொண்டே ஒரு வருடம் திரியலாம்போல் இருந்தது.

அன்று பின்னேரம் இரண்டாம் சோறு இல்லை என்று உடன்படிக்கை. நான் வீட்டில் தேங்காய் துருவினேன். மகி பக்கத்தில் நின்று மேற்பார்வை.

“கலக்குங்க அப்பா. இன்னும். தாத்தா இப்புடி இல்ல, மெதுவா கலக்குவாங்க.”

நான் மெதுவாகக் கலக்குவது எப்படி என்று அவளோடு விவாதித்துக்கொண்டிருந்தபோது, சட்டி ஒரு கொதி கொதித்துவிட்டது. அவசரமாக இறக்கினேன்.

சாந்தி உள்ளே வந்தாள். வந்ததும் முதல் கேள்வி:

“சொல்லிட்டீங்களா?”

“சொன்னன். ஆனா நிப்பாட்டேல்லை.”

“ஏங்க? இதுக்கு மேல என்னால...”

“அம்மா, பாலாணம்!” என்று கத்தினாள் மகி.

சாந்தி கண்ணை மூடித் திறந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் போத்தலை எடுத்தாள்.

“அதை வையும்,” என்றேன். “அவள் கேக்கிறது சட்டியில இருக்கு.”

முழுக்கதையையும் சொன்னேன். சாந்தி போத்தலைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

“அப்போ அவங்க, நாம புள்ளைய பட்டினி போடுறோம்னா நெனச்சாங்க?”

“ஓம்.”

“நாம அவங்க பிஸ்கட்டா குடுக்குறாங்கன்னு நெனச்சோம்.”

“ஓம்.”

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மகிக்குச் சோறு போட்டு, அகப்பையால் ஆணத்தை ஊற்றி, முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். நான் அகப்பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மகி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“உப்புக் காணாது.”

உப்புப் போட்டேன். திரும்ப நக்கினாள். பிறகு பீங்கானைத் தன் பக்கம் இழுத்து, சோற்றை அள்ளினாள். முதல் வாய். இரண்டாம் வாய். வீட்டில் வேறு சத்தமே இல்லை, அவள் மெல்லும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அவளுடைய பீங்கானின் பூ தெரிந்தது.

சாந்தி எழும்பிப்போய்த் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டாள். பாதியில், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“திங்கக்கெழம மேடம்கிட்ட பேசணும்னு சொல்லி வச்சிருக்கேன்.”

என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“என்ன பேசப் போறீர்?”

“சனிக்கெழம ட்யூட்டிய மாத்திக் குடுங்கன்னு கேக்கப் போறேன். வாரத்துல ஒரு நாளாவது இத நான் வைக்கணும். நீங்க பால கொதிக்க விட்டு திரிய வச்சிட்டீங்க.”

சொல்லிவிட்டு, திரிந்துபோன அந்த ஆணத்தில் இன்னொரு அகப்பை ஊற்றிக்கொண்டாள்.